துருப்பிடித்த காருக்கு மறுபிறவி! சீமை ஆசாமிகளின் விசித்திர உழைப்பு

காரை வாங்கினால் ஓட்டுவார்கள். பழசானால் விற்பார்கள். விலை போகாவிட்டால் காயலான் கடைக்கு எடைக்குப் போடுவார்கள். இதுதான் உலக வழக்கம்.

இங்கிலாந்தில் ஒரு கூட்டம் இருக்கிறது. இவர்கள் தங்கள் காரை விற்கவும் மாட்டார்கள், ஓட்டவும் முடியாது. வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி, பழைய போர்வையைப் போட்டு மூடி வைத்திருப்பார்கள். ஒரு வருடம், இரண்டு வருடம் அல்ல. 20 ஆண்டு, 30 ஆண்டு!

பிறகு, தலை நரைத்த பின் ஒரு நாள், போர்வையை விலக்குவார்கள். ஸ்பேனரைக் கையில் எடுப்பார்கள்.

இவர்கள் மெக்கானிக்குகளா? இல்லை. ஒருவர் பள்ளி ஆசிரியராக இருப்பார். இன்னொருவர் பாங்கி குமாஸ்தா. மற்றொருவர் தபால்காரர். சம்பளத்துக்காகச் செய்யும் வேலையும் அல்ல இது. சொந்தக் காசைப் போட்டு, சொந்த விரலை நசுக்கிக்கொண்டு செய்யும் வேலை!

அப்படி என்ன கார் அது?

எட்டு மூலைச் சின்னம்

இரண்டு பேர் மட்டும் உட்காரும் சின்னஞ்சிறு திறந்த கார். வேகமாக ஓட்டி மகிழ்வதற்கென்றே செய்தது. "ஸ்போர்ட்ஸ் கார்" என்பார்கள். பிரிட்டனில் இப்படிப்பட்ட கார்கள் பல வந்தன. அவற்றில் சாதாரண மக்கள் கைக்கு எட்டியது "எம்.ஜி." கார்.

எம்.ஜி. என்றதும் நம்மவர்களுக்கு வேறு நினைவு வரும்! இது அதுவல்ல. "மாரிஸ் கராஜஸ்" என்ற பெயரின் முதல் எழுத்துகள்தான் எம்.ஜி. ஆக்ஸ்போர்டு நகரில் வில்லியம் மாரிஸ் என்பவர் நடத்திய கார் விற்பனை நிலையம் அது. 1922-ம் ஆண்டு அதன் மானேஜராக வந்தவர் சிசில் கிம்பர்.

மாரிஸ் செய்தது குடும்பக் கார். கிம்பர் அதை வாங்கி, அழகான உடலை மாட்டி, வேகத்தையும் கூட்டி விற்றார். வியாபாரம் பிடித்துக்கொண்டது. 1929-ல் ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் உள்ள ஆபிங்டன் என்ற சிறு ஊருக்குத் தொழிற்சாலை குடிபோயிற்று. அதற்கு முன் அந்தக் கட்டடத்தில் தோல் பதனிட்டுக்கொண்டிருந்தார்கள்!

கிம்பரின் முடிவு பரிதாபமானது. 1941-ல் அவர் வேலையை விட்டுப் போக நேர்ந்தது. 1945 பிப்ரவரியில் லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் நடந்த ரயில் விபத்தில் இறந்தார். வேகமான கார்களைச் செய்தவரின் உயிர், மெதுவாக நகர்ந்த ரயிலில் போயிற்று.

அவருக்குப் பின்னும் கார்கள் வந்தன. 1962-ல் வந்தது "எம்.ஜி.பி." மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓடும். 1980 வரை 5 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். பெரும்பகுதி கப்பலேறி அமெரிக்காவுக்குப் போயிற்று. கொட்டகைகளில் போர்வைக்குள் தூங்கும் கார்களில் எம்.ஜி.பி. ஏராளம்.

நம் அம்பாசடருக்கு உறவு!

இந்தக் காரின் எஞ்சினுக்கும் நம் ஊருக்கும் ஓர் உறவு உண்டு.

அம்பாசடர் காரை யாருக்குத்தான் தெரியாது? 2014 வரை கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் செய்தார்கள். அதற்கு மூலம் "மாரிஸ் ஆக்ஸ்போர்டு" என்ற சீமைக் கார். அந்த அம்பாசடரில் பல்லாண்டு காலம் இருந்த 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும், எம்.ஜி.பி.யின் 1,798 சி.சி. எஞ்சினும் ஒரே குடும்பம். இரண்டுக்கும் "பி சீரிஸ்" என்று பெயர். அண்ணன், தம்பி என்று வைத்துக்கொள்ளலாம்.

தம்பி நம் ஊரில் டாக்சி ஓட்டிப் பிழைத்தான். அண்ணன் சீமையில் காதல் ஜோடிகளை ஏற்றிக்கொண்டு திரிந்தான்!

அம்பாசடரைப் பிரித்து மாட்டிய நம் ஊர் மெக்கானிக்கிடம் எம்.ஜி.பி.யின் எஞ்சினைக் காட்டினால், அவர் திகைக்கமாட்டார். கம்ப்யூட்டர் கிடையாது. மூடியைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கை நுழையும். ஒரு பள்ளி ஆசிரியர் துணிந்து ஸ்பேனரை எடுப்பதற்கு இதுதான் காரணம்.

போர்வைக்குள் போனது எப்படி?

ஓர் ஆசிரியரையே எடுத்துக்கொள்வோம். இவரைப் போன்றவர்கள் அந்த நாட்டில் ஊருக்கு ஊர் உண்டு.

1970-களில் அவர் வாலிபர். 1966-ம் ஆண்டு செய்த எம்.ஜி.பி. ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினார். அதில்தான் வருங்கால மனைவியைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். மழை வந்தால் இருவரும் இறங்கி, துணிக் கூரையை இழுத்து மாட்டுவதற்குள் நனைந்துவிடுவார்கள். அதுவும் ஒரு சந்தோஷம்!

கல்யாணம் ஆயிற்று. குழந்தை பிறந்தது. காரில் இருப்பதோ இரண்டே இடம். குழந்தையை எங்கே வைப்பது?

நாலு கதவுள்ள குடும்பக் கார் வந்தது. எம்.ஜி. கொட்டகைக்குள் போயிற்று. "அடுத்த வருடம் ரிப்பேர் செய்துகொள்ளலாம்" என்றார். அந்த அடுத்த வருடம் வருவதற்கு 30 ஆண்டு ஆயிற்று.

இதற்குள் அந்தக் காரைச் செய்த தொழிற்சாலையே போய்விட்டது. அது ஒரு சோகக் கதை. 1979 செப்டம்பரில் ஆபிங்டன் ஊரே திருவிழா கொண்டாடியது. எம்.ஜி. அங்கே வந்து 50 ஆண்டு நிறைந்த விழா. விழா முடிந்து தோரணம் வாடவில்லை. செப்டம்பர் 10-ந் தேதி, திங்கட்கிழமை, தொழிற்சாலை மூடப்படும் என்று நிர்வாகம் அறிவித்தது! 1980 அக்டோபரில் கடைசி எம்.ஜி.பி. வெளியே வந்தது. கதவை மூடிவிட்டார்கள்.

இன்று நம் தெருக்களிலும் எட்டு மூலைச் சின்னத்தோடு கார்கள் ஓடுகின்றன. பெயர் அதேதான். ஆனால் பெயரின் உரிமை சீனக் கம்பெனிக்குக் கைமாறிவிட்டது. ஆபிங்டனுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை.

எதிரி உப்பு!

ஆசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். போர்வையை விலக்குகிறார். பெயிண்ட் மங்கியிருக்கிறது. டயர் நாலும் தரையோடு தரை. சீட்டுக்குள் எலி கூடு கட்டியிருக்கிறது. இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை.

பெரிய எதிரி துரு.

இங்கிலாந்தில் குளிர்காலத்தில் ரோட்டில் பனி உறைந்து கண்ணாடி போல் வழுக்கும். அதைக் கரைக்க லாரியில் உப்பைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் சக்கரத்தில் பட்டுத் தெறித்துக் காரின் அடிவயிற்றில் போய் ஒட்டிக்கொள்ளும். கடற்கரை ஓரத்து வீட்டு ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்று நமக்குத் தெரியுமே? அதே கதிதான்.

பழைய காலத்துக் கார்களுக்கு அடியில் கனமான இரும்புச் சட்டம் இருக்கும். அதன்மேல் உடலை உட்காரவைப்பார்கள். எம்.ஜி.பி.க்குத் தனிச் சட்டம் கிடையாது. மெல்லிய தகடுகளை மடித்து, ஒட்டி, உடலையே சட்டமாக்கியிருக்கிறார்கள். மூடிய காராக இருந்தால் கூரையும் கொஞ்சம் தாங்கும். இதற்குக் கூரையே இல்லை!

அப்படியானால் காரைத் தாங்குவது எது?

கதவுக்கு அடியில், முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை, நீளமாக ஒரு தகட்டுப் பெட்டி ஓடுகிறது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. வீட்டுக்கு வாசற்படி போல. ஆங்கிலேயர்கள் இதைச் "சில்" என்பார்கள். பார்த்தால் சாதாரணமாக இருக்கும். ஆனால் காருக்கு முதுகெலும்பே இதுதான்!

இந்த வாசற்படிக்குள் மூன்று அடுக்கு. வெளியே ஒரு தகடு. உள்ளே ஒரு தகடு. நடுவில் திரை போல ஒரு தகடு. உப்பும் சேறும் போய் நிற்பது இங்கேதான். வெளித் தகடு பளபளவென்று இருக்கும். நடுத் தகடு பிஸ்கட் போல உதிர்ந்துகொண்டிருக்கும்!

காந்தம் சொல்லும் சாட்சி

விற்பனைக்காகப் பழைய காரை மினுக்குகிறவர்கள் செய்யும் மோசடி ஒன்று உண்டு. ஓட்டை விழுந்த இடத்தில் பிசினைப் பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாது.

அனுபவசாலிகள் சட்டைப் பையில் ஒரு சிறு காந்தத்தைப் போட்டுக்கொண்டு போவார்கள். இரும்புத் தகடாக இருந்தால் காந்தம் கப்பென்று ஒட்டும். பிசினாக இருந்தால் கீழே விழும். முடிந்தது சங்கதி!

இதிலும் ஒரு வேடிக்கை. 1960-களில் வந்த எம்.ஜி.பி.யில் எஞ்சினை மூடும் முன் மூடி அலுமினியத்தால் ஆனது. அதில் காந்தம் ஒட்டாது. விவரம் தெரியாதவர் "ஐயோ, மூடி முழுக்கப் பிசின்!" என்று அலறுவார்.

ஆசிரியர் தம் காரின் வாசற்படியை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்கிறார். கத்தி போல உள்ளே இறங்குகிறது.

ஒரு தவறு போதும்

உயிரான கட்டம் இப்போதுதான். துருப்பிடித்த வாசற்படியை அறுத்து எடுத்துவிட்டுப் புதுத் தகட்டை வெல்டிங் செய்யவேண்டும். தகடு வாங்கக் கிடைக்கிறது. வெல்டிங்கும் மாலை வகுப்பில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அறுக்கும்போது ஜாக்கிரதை!

முதுகெலும்பை அறுத்தால் உடம்பு என்ன ஆகும்? முன்னே எஞ்சினின் பாரம். பின்னே பெட்ரோல் டாங்க்கும் ஆக்சிலும். நடுவில் பிடிமானம் போய்விட்டால் கார் நடுவில் தொய்ந்துவிடும். கால் அங்குலம் தொய்ந்தாலும் கதவு மூடாது. அந்த நிலையில் புதுத் தகட்டை வைத்து ஒட்டிவிட்டால் அவ்வளவுதான். கோணல் நிரந்தரம். சரி செய்யவேண்டுமென்றால் ஒட்டியதை எல்லாம் மறுபடி அறுக்கவேண்டும்.

ஆகையால் முதலில் காரைச் சமமாக முட்டுக்கொடுத்து நிறுத்துவார்கள். கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பியை வைத்து இறுக்குவார்கள். நம் கொத்தனார் சுவரை இடிக்குமுன் உத்தரத்துக்கு முட்டுக் கொடுப்பதில்லையா? அதேதான். ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்தைத் தொடவேண்டும். நடுநடுவே கதவை மாட்டி, மூடிப் பார்க்கவேண்டும்.

முன் மட்கார்டுகள் போல்ட்டில் நிற்பவை, கழற்றலாம். பின்னால் உள்ளவை உடலோடு ஒட்டியவை. அவற்றின் அடிப்பகுதியையும் அறுத்தால்தான் வாசற்படியின் கோடிக்குப் போகமுடியும். சோம்பேறிகள் இதற்குப் பயந்து, பழைய துருவின்மேல் புதுத் தகட்டை மூடிவிடுவார்கள். பார்வைக்கு ஜோர்! விபத்து நேர்ந்தால் உயிர் தப்பாது.

வேறு கதவு ஒன்று திறந்தது

இவ்வளவு அல்லல் எதற்கு, புது உடலே வாங்கிவிட்டால் என்ன?

வாங்கலாம்! ஆபிங்டன் மூடிய பிறகு, எம்.ஜி.பி.யின் தகடுகளை அழுத்திய பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்தார்கள். அச்சுகளைச் சேர்த்து, 1988-ல் "பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ்" என்ற கம்பெனி புத்தம் புதிய எம்.ஜி.பி. உடல்களைச் செய்ய ஆரம்பித்தது. செத்துப்போன காருக்கு உடல் மட்டும் புதிதாகப் பிறந்தது!

விலை பத்தாயிரம் பவுனுக்கு மேல். பழைய காரிலிருந்து எஞ்சின், சக்கரம், சீட்டு, விளக்கு எல்லாவற்றையும் எடுத்து இதில் மாட்டவேண்டும்.

ஆசிரியர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பணம் ஒரு கவலை. இன்னொரு கவலை அதைவிடப் பெரிது. உடலையே மாற்றிவிட்டால் அது அவருடைய கார்தானா? மனைவியோடு மழையில் நனைந்த கார் அதுவா?

கோயில் தேரில் பழுதான மரத்தை எடுத்துவிட்டுப் புது மரம் வைக்கிறோம். அச்சை மாற்றுகிறோம். சக்கரத்தை மாற்றுகிறோம். அது அதே தேர்தான் என்றுதான் வடம் பிடிக்கிறோம். ஆனால் ஒரே நாளில் முழுத் தேரையும் மாற்றினால்? இந்தக் கேள்விக்குச் சீமையிலும் ஒருமித்த விடை இல்லை. ஒரு சாரார் புது உடல்தான் பத்திரம் என்கிறார்கள். மற்றொரு சாரார் ஓர் அங்குலம் பழைய தகடானாலும் காப்பாற்றவேண்டும் என்கிறார்கள்.

நம் ஆசிரியர் இரண்டாம் கட்சி. வெட்டி ஒட்டுவது என்று முடிவு செய்தார். இரண்டு குளிர்காலம் பிடித்தது. கண்ணாடி முகமூடியோடு வெல்டிங் செய்யும் கணவரைப் பார்த்து மனைவி கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "சாப்பாட்டை இங்கேயே கொண்டுவரட்டுமா?"

செருப்புக் கடையில் பிறந்த கருவி

உடல் முடிந்தால் உறுப்புகள். ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றும்போதே காகிதப் பையில் போட்டு, இடத்தை எழுதி வைக்கவேண்டும். போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. "ஞாபகம் இருக்கும்" என்று விட்டவர்கள் கடைசியில் ஒரு வாளி நிறைய நட்டு போல்ட்டோடு முழிப்பார்கள்.

எம்.ஜி.பி.யிலாவது நட்டு போல்ட் ஒழுங்கு உண்டு. அதற்கு முன், 1945-லிருந்து 1949 வரை வந்த "டி.சி." என்ற எம்.ஜி.யைப் பிரிப்பவர் பாடு திண்டாட்டம். எஞ்சின் செய்த ஆலை முன்பு ஒரு பிரெஞ்சுக் கம்பெனியுடையது. ஆகவே போல்ட்டின் மரை பிரெஞ்சு அளவு. அதன் தலையோ ஆங்கில அளவு! கடையில் போய்க் கேட்டால் கிடைக்காது. அந்தக் காருக்குத் தச்சு வேலையும் தெரியவேண்டும். உடலின் எலும்புக்கூடு மரம்!

எம்.ஜி.பி.யில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் இரண்டு. "எஸ்.யு." என்று பெயர். அந்தக் கருவியைக் கண்டுபிடித்தவர்கள் ஸ்கின்னர் குடும்பத்தார். லண்டனில் பெரிய செருப்புக் கடை வைத்திருந்தவர்கள்! முதலில் செய்த கார்புரேட்டரில் துருத்தி தோலால் ஆனது என்றால் ஆச்சரியம் இல்லையே.

மின்சாரத்திலும் ஒரு பொறி உண்டு. 1967 வரை வந்த எம்.ஜி.பி.யில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் காரின் உடலோடு சேர்ந்திருக்கும். இன்றைய கார்களுக்கு நேர் எதிர். மறந்துபோய் மாற்றி மாட்டினால் சில கருவிகள் புகைந்துவிடும். பாட்டரியைத் தேடுவதே ஒரு வேலை. அந்நாளில் அதை சீட்டுக்குப் பின்னால், தரைக்கு அடியில், ஆறு வோல்ட் பாட்டரி இரண்டாக ஒளித்து வைத்திருந்தார்கள்.

பெட்ரோலும் மாறிவிட்டது

கார் தூங்கிய காலத்தில் உலகம் விழித்துக்கொண்டிருந்தது. முன்பு பெட்ரோலில் ஈயம் கலந்திருப்பார்கள். அது வால்வு உட்காரும் இடம் தேயாமல் காக்கும். ஆனால் ஈயப் புகை குழந்தைகளின் மூளைக்குக் கேடு. 2000-ம் ஆண்டு பிறந்ததும் பிரிட்டனில் ஈயப் பெட்ரோலின் பொது விற்பனை நின்றது. ஆகவே எஞ்சின் தலையைக் கழற்றி, வால்வு உட்காரும் இடத்தில் கடினமான வளையம் பதிக்கவேண்டியதாயிற்று.

2021 செப்டம்பரில் அடுத்த மாற்றம். சாதாரணப் பெட்ரோலில் நூற்றுக்குப் பத்து பங்கு வரை எத்தனால். பழைய ரப்பர் குழாயை அது மெல்ல மெல்லத் தின்றுவிடும். குழாய் வெடித்துப் பெட்ரோல் சூடான எஞ்சின்மேல் கசிந்தால் தீதான். ஆசிரியர் குழாய் அத்தனையையும் மாற்றினார்.

செலவுக் கணக்கு? அதை அவர் ஒரு நோட்டில் எழுதிவந்தார். பாதியில் எழுதுவதை நிறுத்திவிட்டார். செப்பனிட்ட காரை விற்றால் போட்ட பணம் திரும்புவது அபூர்வம். இந்த வேலையைப் பாதியில் விட்டவர்கள் பலர். பிரித்துப் போட்ட கார், பெட்டி பெட்டியாக உறுப்புகளோடு விலைக்கு வருவதுண்டு. சில சமயம் விற்பவர் காருக்கு உடையவர் அல்ல, அவருடைய விதவை.

டிக்... டிக்... டிக்...

கடைசியில் அந்த நாள் வந்தது. ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றி வைத்துவிட்டு, ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்றினார். எண்ணெய் எல்லா இடத்துக்கும் ஏறட்டும் என்று. மீட்டர் முள் அசைந்தது. பிளக்கை மாட்டினார்.

சாவியைத் திருப்பியதும் பின் பக்கத்திலிருந்து ஒரு சத்தம். டிக், டிக், டிக், டிக்... மின்சாரப் பெட்ரோல் பம்ப்! கார்புரேட்டர் நிரம்பியதும் சத்தம் நின்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தார். முப்பது ஆண்டுக்கு முன் கேட்டது மறக்கவில்லை!

முதல் தடவை இருமியது. இரண்டாம் தடவை புகை. மூன்றாம் தடவை உறுமியது.

40 வயது தாண்டிய, பெரிதாக உருமாறாத கார்களுக்கு வருடாந்தரப் பரிசோதனை கட்டாயம் இல்லை என்று 2018 மே மாதம் முதல் பிரிட்டனில் சட்டம். ஆனாலும் ஆசிரியர் காரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனார். தாம் ஒட்டிய வாசற்படியை வேறொருவர் தட்டிப் பார்க்கட்டும் என்றுதான். தட்டிப் பார்த்தார்கள். பாஸ்!

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைக்குப் போகிறார்கள். குளிர்காலத்தில் உப்புக் கொட்டியதும் கார் கொட்டகைக்குள் போய்விடும். அடியில் ஒரு தகரத் தட்டு வைத்திருக்கிறார். என்ன செய்தாலும் எஞ்சினிலிருந்து எண்ணெய் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு விழுந்துகொண்டேதான் இருக்கிறது.